“கணையம் இயல்பு” என்று வந்த ரிப்போர்ட்: அம்மாவின் பழைய ஸ்கேனை வைத்து என்ன செய்வது?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. போன கார்த்திகையில் இடது விலாவுக்குக் கீழே வலி, முதுகுவரை போகும், மல்லாந்து படுத்தால் அதிகம். பக்கத்து டாக்டர் “கல்லாத்தான் இருக்கும்” என்று ஒரு ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்தார். உறுப்புகளைத் தெளிவாகக் காட்ட ஊசி வழியாக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து போடாத பிளேன் சிடி. இடது கிட்னியில் 4 மில்லிமீட்டர் கல், “கல்லீரல், கணையம், மண்ணீரல் இயல்பு” என்று ரிப்போர்ட் வந்தது. கல்லுக்கு மருந்து ஆறு மாதம் ஓடியது. நடுவில் 7 கிலோ எடை குறைந்தது. சர்க்கரை வேறு புதிதாக வந்திருந்ததால் எடை குறைவதும் அதனால்தான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். வைகாசியில் கோவையில் ஒரு மருத்துவமனையில் கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்தபோது கணையத்தின் நடுப்பகுதியில் 3 சென்டிமீட்டர் கட்டி. கல்லீரலில் 6 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி, “மிகச் சிறியது, தன்மை சொல்ல இயலாது” என்று எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்த ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்) பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அப்பவே கணையக் குழாய் கொஞ்சம் விரிஞ்ச மாதிரி இருக்கே, வால் பகுதியும் மெலிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. கேட்டிருப்பவை இவை. அந்த சென்டர் செய்தது அலட்சியம்தானே? ரிப்போர்ட் எழுதியவர் வேறு ஊரில் உட்கார்ந்து ஆன்லைனில் பார்த்தவராம், அதை எப்படி அனுமதிக்கிறார்கள்? மாமா போலீசில் புகார் கொடுக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? அதே மாமா “பயாப்ஸி வேண்டாம், குத்தினா பரவிடும்” என்றும் சொல்கிறார் (பயாப்ஸி என்பது கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது), உண்மையா? இன்னொரு இடத்தில் புதிதாக ஸ்கேன், கூடவே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? பழைய சென்டர் படங்களின் டிஸ்க்கைத் தராமல் நாளைக்கு வா என்று அலைக்கழிக்கிறது, என்ன செய்வது? எனக்கும் தம்பிக்கும் இது வருமா? கடைசியில் ஒரு வரி: “ஆயிரம் ரூபாய் குறைச்சல்னு அந்த சென்டருக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான்.”

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் அதிகக் காசு வாங்கும் சென்டருக்குப் போயிருந்தாலும், டாக்டர் சீட்டில் எழுதியது “கல் இருக்கிறதா பார்க்கவும்” என்பதுதான். அந்தச் சீட்டுக்கு எங்கும் இதே பிளேன் ஸ்கேனைத்தான் எடுத்திருப்பார்கள். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் இந்த ஸ்கேனின் வகை மாறியிருக்காது. இதை உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, வேலை நடக்கும் முறையே அப்படித்தான். நான் வயிற்று ஸ்கேன்களைப் படிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். வக்கீல் இல்லை, உங்கள் அம்மாவின் படங்களையும் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

கடிதத்தில் பாதிக்கு மேல் பழைய ஸ்கேனைப் பற்றி. எனக்குக் கவலை புதிய ஸ்கேனைப் பற்றி. சென்டர் மீது புகாரைக் கொஞ்சம் பொறுத்தும் எழுதலாம், அம்மாவின் சிகிச்சையை முடிவு செய்யும் நாட்கள் இப்போதுதான் போய்க்கொண்டிருக்கின்றன.

கணையத்துக்கென்று சிடி எடுக்கும் முறை தனி. கையில் மருந்தை ஏற்றிய பிறகு ஏறக்குறைய 40 முதல் 50 நொடியில் ஒரு தடவை, 70 நொடி சுமாருக்கு இன்னொரு தடவை எடுக்க வேண்டும். முதல் தடவையில் நல்ல கணையம் பளிச்சென்றும் கட்டி மங்கலாகவும் தெரியும். இரண்டாவதில் கல்லீரலும் சிரைகளும் நன்றாகத் தெரியும். மெல்லிய துண்டுகளாகப் படம் இருக்க வேண்டும். சாதாரணமாக “வயிறு கான்ட்ராஸ்ட்” என்று எழுதினால் பல இடங்களில் 70 நொடிப் படத்தை மட்டும் எடுத்து முடித்துவிடுவார்கள். கட்டி இருக்கிறது என்று சொல்ல அது போதலாம், ஆபரேஷன் முடியுமா முடியாதா என்று சொல்லப் போதாது. உங்கள் கோவை ஸ்கேன் இதில் எந்த வகை என்று கேளுங்கள்.

அடுத்து, ரிப்போர்ட்டில் ரத்தக்குழாய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கணையப் புற்றில் கட்டியின் அளவைவிட அது எந்தக் குழாயைத் தொடுகிறது, எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் எஸ்.எம்.ஏ, கல்லீரலுக்கும் இரைப்பைக்கும் கிளை பிரியும் சீலியாக், போர்ட்டல் சிரை — ஒவ்வொன்றையும் கட்டி 180 டிகிரிக்குள், அதாவது பாதிச் சுற்றுக்குள் தொடுகிறதா, அதற்கு மேல் சுற்றிவிட்டதா என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இதற்காகவே அமெரிக்காவின் வயிற்று ரேடியாலஜி சங்கமும் கணைய நோய் மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து 2014-இல் ஒரு ரிப்போர்ட் படிவத்தை வெளியிட்டார்கள். ஆளுக்கொரு விதமாகப் பத்தி பத்தியாக எழுதும்போது ஏதாவது ஒரு குழாய் விட்டுப்போகிறது, சர்ஜன் திரும்பப் போன் பண்ணிக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம். படிவத்தில் எழுதினால் காலியாக விட்ட இடம் கண்ணில் படும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த விவரம் இல்லை என்றால் “ரத்தக்குழாய்கள் பற்றி விவரமாக எழுதித் தர முடியுமா” என்று கேட்பதில் தவறே இல்லை. அதே படங்களை வைத்துக் கூடுதல் ரிப்போர்ட் எழுதலாம், திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

இதையே உங்கள் “இன்னொரு இடத்தில் புதிதாக எடுக்கலாமா” என்ற கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த முறை சரியாக இருந்தால், புதிய ஸ்கேன் வேண்டாம், புதிய கண் போதும். கணையப் புற்றை அடிக்கடி பார்க்கும் இடத்தில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் அதே படங்களைத் திரும்பப் படிக்கட்டும். இப்படிப் படிக்கும்போது நோயின் நிலையே மாறி, சிகிச்சைத் திட்டம் மாறுவது அபூர்வமான விஷயம் இல்லை. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி போன்ற இடங்களுக்குப் போனால் படங்களைக் கையோடு கொண்டு போங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. ஃபிலிமில் அச்சாவது யாரோ தேர்ந்தெடுத்த சில படங்கள்தான், ஸ்கேனில் நூற்றுக்கணக்கில் இருக்கும். டைகாம் வடிவத்தில், அதாவது ஸ்கேன் கருவி சேமித்த மூலக் கோப்புகளாக, முழுப் படங்களும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வேண்டும். வாட்ஸப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து அனுப்பி யாராவது கருத்துச் சொன்னால் அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கல்லீரல் புள்ளிக்கு வருவோம். அதைப் படித்ததும் “பரவிடுச்சு” என்று முடிவு கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதவில்லை அவர்கள். 6 மில்லிமீட்டர் புள்ளியை சிடியில் பார்த்து இது சாதாரண நீர்க்கட்டியா வேறா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள், நான் அதை நல்ல ரிப்போர்ட் என்பேன். நல்ல உடம்போடு இருப்பவர்களிடமும் இப்படிப் புள்ளிகள் நிறையத் தெரியும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் கணையத்தில் கட்டி உள்ள ஒருவரிடம் “ஒன்றும் இருக்காது” என்று விட்டுவிடவும் முடியாது. அடுத்த படி கல்லீரலுக்கு எம்.ஆர்.ஐ, டிஃப்யூஷன் என்ற தனி வகைப் படங்களோடு, முடிந்தால் கல்லீரல் செல்கள் உறிஞ்சும் வகைக் கான்ட்ராஸ்ட் கொடுத்து. பெட் ஸ்கேனைச் சில நேரங்களில் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் இத்தனை சிறிய புள்ளிக்கு அது சரியான கருவி இல்லை, கணைய சிடிக்கு மாற்றும் இல்லை. அந்தப் பணத்தை எம்.ஆர்.ஐக்கு வையுங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எது அடங்கும் என்று கேட்டுவிடுங்கள்.

பயாப்ஸி விஷயத்தில் மாமாவின் பயம் பல வீடுகளில் இருக்கும் பயம். ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டிக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன, ஆனால் மிக அபூர்வம். கணையத்துக்கு இப்போது பெரும்பாலும் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் விட்டு, இரைப்பைச் சுவர் வழியாகவே மெல்லிய ஊசியில் எடுக்கிறார்கள், தூரமும் குறைவு. நேரே ஆபரேஷன் என்றால் சில சமயம் பயாப்ஸி இல்லாமலே போவார்கள். கீமோ கொடுத்துவிட்டு ஆபரேஷன் என்று முடிவானால் பயாப்ஸி கட்டாயம், ஏனென்றால் புற்று என்று உறுதியாகாமல் கீமோ தொடங்கக் கூடாது. கணையத்தில் கட்டி போலவே தெரியும் சில அழற்சி நோய்கள் உண்டு, அவற்றுக்குச் சிகிச்சையே வேறு. மாமாவிடம் இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பிளேன் ஸ்கேனில் கணையம்

இப்போது பழைய ஸ்கேன். “சிடி எடுத்தால் வயிற்றுக்குள் இருக்கிற எல்லாம் தெரிந்துவிடும், பார்க்கிறவர் ஒழுங்காகப் பார்த்தால் போதும்” என்ற எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

கல் தேடும் பிளேன் ஸ்கேன் கல்லைக் காட்டுவதில் மிகச் சிறந்தது, கல் வெள்ளை வெளேரென்று தெரியும். கணையமும் கணையத்தில் வரும் கட்டியும் மருந்து போடாத படத்தில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். கட்டி கணையத்தின் உருவத்தையே புடைக்க வைத்தால் ஒழிய நேராகத் தெரியாது. கல் ஸ்கேனைக் கதிர்வீச்சைக் குறைத்தே எடுப்பார்கள், அது சரியான வழக்கம்தான், ஆனால் படம் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். சரியான முறையில் கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்தாலே சுமார் பத்தில் ஒரு கணையப் புற்று சுற்றியுள்ள திசுவின் நிறத்திலேயே இருந்து ஏமாற்றும் என்றால் பிளேன் ஸ்கேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கான்ட்ராஸ்ட் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பயந்து “மருந்து போடாம எடுங்க” என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறைய. கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இதைப் படிக்கும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கட்டி தெரியாது. அப்படியென்றால் சென்டர் மீது தவறே இல்லையா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். கட்டி தெரியாவிட்டாலும் அது விட்டுச்செல்லும் தடயம் பிளேன் படத்தில் தெரியலாம். கணையத்தின் நடுவில் ஓடும் குழாய் சாதாரணமாக 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நடுவில் ஏதாவது அடைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் குழாய் விரியும், வால் பகுதி நாளடைவில் மெலியும். கோவை ரேடியாலஜிஸ்ட் பழைய ஃபிலிமில் பார்த்ததாகச் சொன்னது இதைத்தான். கணையப் புற்று என்று பின்னால் தெரியவந்தவர்களின் பழைய ஸ்கேன்களை எடுத்துத் திரும்பப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் கணிசமானவர்களிடம் இதே குழாய் விரிவு முன்பே இருந்திருக்கிறது. ஆக, இது எங்கள் துறைக்குத் தெரியாத பொறி இல்லை. எங்கே விழுவோம் என்று தெரிந்தே இருக்கிற பொறி.

ஏன் விழுகிறோம்? ஒரு காரணம், கல் கிடைத்தவுடன் தேடல் தளர்ந்துவிடுவது. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் கண் மற்ற இடங்களை அவசரமாகக் கடந்துபோகும், இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், அனுபவசாலிகளுக்கும் நடக்கும். இன்னொரு காரணம் சீட்டு. “61 வயது, சில வாரங்களாகப் புதிய சர்க்கரை, முதுகுக்குப் போகும் வலி” என்று சீட்டில் எழுதியிருந்தால் படத்தைத் திறந்ததுமே எங்களில் பலர் முதலில் கணையத்துக்குத்தான் போயிருப்போம். அந்த மூன்றும் சேர்ந்தால் கணையத்தை நினைக்காமல் இருக்கக் கூடாது. உங்கள் சீட்டில் இருந்தது “இடது பக்க வலி, கல்?” மட்டும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கிட்னிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் 4 மில்லிமீட்டர் கல், சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைக்காமல், மாதக்கணக்கில் முதுகுவரை போகும் வலியைத் தருவது வழக்கம் இல்லை. ரிப்போர்ட்டில் அடைப்பு இல்லை என்று இருந்தும் வலி தீராதபோது “கல் இருக்கிறது, ஆனால் வலி அதனாலா?” என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அந்த இடம் ஸ்கேன் சென்டருடையது மட்டும் இல்லை, மருந்து எழுதிய டாக்டருடையதும்தான். கோபத்தை ஒரே கதவில் இறக்கிவைக்காதீர்கள்.

பிழையா, அலட்சியமா

கோவையில் பார்த்த உடனே சொல்லிவிட்டார்களே என்கிறீர்கள். அவருக்குக் கட்டி எங்கே இருக்கிறது என்று புதிய ஸ்கேன் காட்டிக்கொடுத்துவிட்டது. விடை கேட்ட பிறகு விடுகதை எல்லோருக்கும் எளிதுதான். ஆகவே “பின்னால் பார்த்தால் தெரிகிறது” என்பது மட்டும் அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. எதிர்காலம் தெரியாத, அதே சீட்டை மட்டும் கையில் வைத்திருந்த, சராசரித் திறமையுள்ள ஒரு ரேடியாலஜிஸ்ட் அதைக் கவனித்திருப்பாரா என்பதுதான் கேள்வி. நியாயமாகப் பதில் கிடைக்க வேண்டுமானால், எதைத் தேடுகிறோம் என்று சொல்லாமல், பழைய படங்களை மட்டும், பழைய சீட்டோடு, சம்பந்தமில்லாத ஒரு ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். புதிய ரிப்போர்ட்டை முதலில் காட்டாதீர்கள். அவர் தானாகக் குழாய் விரிவைச் சொன்னால் உங்கள் கையில் இருப்பது கனமான விஷயம். சொல்லாவிட்டால், அதையும் ஏற்றுக்கொள்ளும் மனத்தோடு கேளுங்கள்.

ரேடியாலஜியில் பிழை என்பது அன்றாடம். 1949-இல் கார்லண்ட் என்ற அமெரிக்க ரேடியாலஜிஸ்ட், நோய் இருந்த மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தேர்ந்த மருத்துவர்களே தவறவிட்டதைக் காட்டினார். அன்றாட வேலையில், நல்ல ஸ்கேன்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 3 முதல் 5 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன, மனிதக் கண்ணும் கவனமும் மாறவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பிழை வரும் என்று தெரிந்த ஒரு துறை, அது வரும் இடங்களில் தடுப்பு வைத்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் அனுப்பிய பழைய ரிப்போர்ட்டில் என்னை உறுத்துவது வேறு ஒரு வரி, “கணையம் இயல்பு”. பிளேன் ஸ்கேனைப் பார்த்து இப்படி மொட்டையாக எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஸ்கேன் கணையத்தைப் பற்றி அத்தனை உறுதியான பதில் சொல்லும் ஸ்கேனே இல்லை. “கான்ட்ராஸ்ட் கொடுக்காததால் கணையம் உள்ளிட்ட உறுப்புகளை ஓரளவுக்கே மதிப்பிட முடிந்தது, வலி தொடர்ந்தால் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்துப் பார்க்கவும்” என்று எழுதியிருந்தால், குழாய் விரிவைக் கவனிக்காமலே விட்டிருந்தாலும், ஒரு கதவு திறந்திருக்கும். மாசியிலோ பங்குனியிலோ உங்கள் டாக்டர் அந்த வரியைத் திரும்பப் படித்திருக்கலாம். “இயல்பு” என்ற சொல் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பெரும்பாலும் இது கணினியில் முன்பே அடித்து வைத்த வரி, மாறுதல் இருந்தால்தான் அழிப்பார்கள். வேலை வேகத்துக்காக வந்த வழக்கம் இது, மாற்ற வேண்டிய வழக்கம், மாற்ற ஒரு பைசா செலவில்லை.

ஆன்லைனில் ரிப்போர்ட் எழுதுவது சட்டவிரோதமும் இல்லை, தரக்குறைவும் இல்லை. அது இல்லாவிட்டால் சிறிய ஊர்களில் இரவு வரும் குடல் அடைப்பையும் வெடித்த குடல்வாலையும் படித்துச் சொல்ல ஆள் இருக்காது. தகுதியும் பதிவும் உள்ள டாக்டர் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பாருங்கள், பதிவு எண் ரிப்போர்ட்டிலேயே இருக்க வேண்டும். அங்கே உண்மையில் குறைவது தொடர்பு. தூரத்தில் இருப்பவருக்கு நோயாளியிடம் இரண்டு கேள்வி கேட்க வழி இல்லை, பழைய படங்கள் இல்லை, தான் எழுதியது சரியா தவறா என்று பின்னால் தெரிவதும் இல்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டை எழுதியவருக்கு இன்றுவரை என்ன நடந்தது என்று தெரியாமலே இருக்கலாம். அவர் நாளைக்கும் பிளேன் ஸ்கேன்களில் “கணையம் இயல்பு” என்று எழுதிக்கொண்டிருப்பார். நீங்கள் தலையிட வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

சென்டருக்கு எழுத வேண்டிய கடிதம்

முதலில் படங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் டாக்டர்களுக்குச் சொல்கின்றன. போனில் கேட்காதீர்கள். அம்மாவின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம், ஸ்கேன் எண், தேதி, “எல்லாப் படங்களும் டைகாம் வடிவில் வேண்டும்” என்ற வரி, ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று, நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு ஒன்று. சீக்கிரம் செய்யுங்கள், இடம் போதாமல் பழைய படங்களை அழிக்கும் சென்டர்கள் உண்டு. டாக்டர் எழுதிய சீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள், யார் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை என்பது அதில்தான் இருக்கிறது.

படங்கள் கைக்கு வந்த பிறகு இரண்டாவது கடிதம். வழக்கு மிரட்டல் இல்லாமல் எழுதிப் பாருங்கள். இந்தத் தேதியில் எடுத்த ஸ்கேன், இப்போது தெரியவந்திருப்பது இது, திரும்பப் படித்து எழுத்தில் கூடுதல் ரிப்போர்ட் தாருங்கள், ரிப்போர்ட் எழுதிய டாக்டருக்கு இதைத் தெரிவித்தீர்களா, பிளேன் ஸ்கேன்களில் இந்த முன் அச்சு வரியை மாற்றுவீர்களா? இவற்றுக்குப் பதில் கேளுங்கள். நன்றாக நடக்கும் துறைகளில் தவறவிட்ட படங்களைத் திரும்பப் பார்ப்பதற்கென்று ஒரு நேரமே ஒதுக்கியிருப்பார்கள். அமெரிக்காவில் 2002-இலிருந்து ராட்பியர் என்ற பெயரில் ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் பார்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது. மதிப்பெண் போட்டால் ஆட்கள் பயந்து ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள், கற்பது குறையும் என்று பின்னால் பலருக்கும் புரிந்து, இப்போது மதிப்பெண் இல்லாமல் தவறவிட்ட படங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துக் கற்கும் முறைக்கு மாறிவருகிறார்கள். பிரிட்டனில் ரேடியாலஜி ராயல் கல்லூரி இப்படிப்பட்ட கூட்டங்களை எல்லாத் துறைகளும் நடத்த வேண்டும் என்கிறது. அங்கே யார் பெயரும் சொல்லாமல் படத்தைப் போடுவார்கள், எல்லோரும் பார்ப்பார்கள், ஏன் தவறியது என்று பேசுவார்கள், சீட்டையோ படிவத்தையோ மாற்றுவார்கள். நம் ஊரிலும் பெரிய மருத்துவமனைகளில் புற்றுநோய்க் குழுக் கூட்டங்கள் வழியாக இது ஓரளவு நடக்கிறது. தனித்தனி ஸ்கேன் சென்டர்களில் நடப்பதை நான் அதிகம் கேள்விப்படவில்லை, நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நோயாளி வீட்டிலிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் தள்ளிவிடுவது அத்தனை எளிது இல்லை.

வழக்கு, போலீஸ்

காசு கொடுத்துப் பெற்ற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம், இரண்டு ஆண்டுக் காலக்கெடு. கெடு எந்த நாளிலிருந்து என்பதில் வாதம் வரலாம் என்பதால் கார்த்திகையிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம், அது நஷ்டஈட்டுக்கு இல்லை.

போலீஸ் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவரைக் குற்ற வழக்கில் நிறுத்த மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும், அதற்கு முன் வேறு மருத்துவரின் நடுநிலைக் கருத்து வாங்க வேண்டும் என்று சொன்னது. ஃபிலிமை வெளிச்சத்தில் பார்த்து ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னது அந்த அளவுக்கு வராது. நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு விஷயத்தை நீங்கள் நிறுவ வேண்டும்: கவனித்திருக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை என்பது ஒன்று, அதனால் அம்மாவுக்கு இழப்பு ஏற்பட்டது என்பது இன்னொன்று.

இரண்டாவதுதான் கடினம். “அப்பவே கண்டுபிடிச்சிருந்தா முழுசா குணமாயிருக்கும்” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை யாராலும் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதம் முன்பு கட்டி சிறியதாக இருந்திருக்கும், ரத்தக்குழாய்களை விட்டு விலகி இருந்திருக்கலாம், நேரே ஆபரேஷனுக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. கணையப் புற்று சிறியதாக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் பரவிவிடும் இயல்புள்ளது என்பதும் உண்மை. போன வாய்ப்பு ஒன்று இருந்திருக்கலாம், அதன் அளவு தெரியாது. அதே சமயம் இன்றைக்கும் கல்லீரல் புள்ளி சாதாரணமாக இருந்து, ரத்தக்குழாய்களும் இடம் கொடுத்தால், கீமோவுக்குப் பிறகு ஆபரேஷன் என்ற வழி அம்மாவுக்குத் திறந்தே இருக்கிறது. சிகிச்சை பற்றிய முதல் முடிவு வரும்வரை வழக்கு வேலையைத் தம்பியிடமோ மாமாவிடமோ கொடுத்துவிட்டு, நீங்கள் அம்மாவோடு இருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. படங்கள் கைக்கு வந்துவிட்டால் வழக்கு காத்திருக்கும்.

உங்களுக்கும் தம்பிக்கும்

பயாப்ஸியில் கணையப் புற்று என்று உறுதியானால் குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்று இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்பதே இப்போதைய வழிகாட்டுதல். ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். பி.ஆர்.சி.ஏ போன்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் அம்மாவுக்கு எந்தக் கீமோ என்பதே மாறக்கூடும், ஆகவே அது உங்களுக்காக மட்டும் செய்யும் சோதனை இல்லை. மாற்றம் இருந்தால் நீங்கள் இருவரும் அந்த ஒரு மரபணுவுக்கு மட்டும் சோதித்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஒரு மரபணு ஆலோசகரைப் பார்க்கலாம். அம்மாவிடம் மாற்றம் இல்லை, நெருங்கிய உறவில் வேறு யாருக்கும் கணையப் புற்று இல்லை என்றால் உங்களுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டியதில்லை. பயத்தில் முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ் எதற்கும் பணம் கட்டாதீர்கள். தம்பி சிகரெட் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவர் இன்றைக்கே விட்டுவிட வேண்டும், கணையப் புற்றுக்கு நம் கையில் இருக்கும் காரணங்களில் அதுதான் பெரியது.

எம்.ஆர்.ஐ முடிந்ததும் அந்த ரிப்போர்ட்டையும், கோவை சிடியில் ரத்தக்குழாய்கள் பற்றி அவர்கள் எழுதித் தரும் கூடுதல் ரிப்போர்ட்டையும் எனக்கு அனுப்புங்கள். அம்மாவின் பெயரை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.